ஹார்ட்டின் ராணி எந்தக் கையில்?

"இந்தக் கடைசி ஆட்டத்துல கவுந்தோம்னா, அடுத்த வருஷம் நான் என் மருமகனோட ஜோடி சேந்துக்குவேன். மனசுல வச்சுக்க," என்றார் பான் கோச்சிங், சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பியபடி.

"மேசையிலயே தூங்கி விழுவாரே, அவரா? நல்லா இருங்க அண்ணே," என்றாள் மை லிஃபென்.

வென்ஜோ சந்தையில் இருவருக்கும் எதிரெதிர்ப் பொத்தான் கடை. பகலெல்லாம் ஒருவர் வாடிக்கையை மற்றவர் இழுப்பார். பிரிட்ஜ் சீட்டாட்ட மேசையில் மட்டும் கூட்டாளிகள். பான் கழற்றிவிட்டால் நகர அணியில் அவளுக்கு நாற்காலி இல்லை. ஜோடி இல்லாதவளை யார் சேர்ப்பார்கள்?

எதிரே நிங்போ அணி, கொஞ்சம் முன்னே போயிருந்தது. அதிர்ஷ்டத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. இதே சீட்டுகளைப் பக்கத்து அறையில் இரண்டு அணிகளின் மற்ற நால்வர் இடம் மாறி உட்கார்ந்து ஆடுகிறார்கள்.

அவளுக்கு இடப்பக்கம் இருந்த நிங்போக்காரன் ஷெங்தான் முதலில் பேச வேண்டியவன். 'பாஸ்' அட்டையை வைத்தான். பான் ஏலத்தைத் திறந்தார். அவள் ஸ்பேட் கேட்டாள். அவர் இரண்டுக்கு ஏற்றினார். வலப்பக்கத்து அம்மாள் ஒன்றுமே கேட்கவில்லை. அத்தோடு நின்றிருந்தால் பத்திரம். ஆனால் பத்திரமாக ஆடிப் பின்தங்கியவர்கள் எங்கே ஜெயிப்பது? லிஃபென் ஒரே தாவலில் நாலு ஸ்பேட் அட்டையை வைத்தாள். ஸ்பேட் துருப்பு, பத்துப் பிடி எடுக்க வேண்டும். பானின் முகம், சரக்கைப் பாதி விலைக்குக் கேட்கப்பட்ட வியாபாரி முகம் மாதிரி ஆனது.

இனி அவர் சீட்டுகளைப் பரப்பிவிட்டு, அவள் சொல்வதை எடுத்துப் போட வேண்டியதுதான். வாய் திறக்கக் கூடாது, சாடையும் காட்டக் கூடாது. பேரம் பேசியே வயிறு வளர்த்தவருக்கு இதைவிடத் தண்டனை உண்டா?

ஷெங் டைமண்ட் ஏஸையும் ராஜாவையும் இறக்கி இரண்டு பிடி எடுத்தான். அவள் துருப்பு இழுத்தபோது ஷெங்கின் ஸ்பேட் ஏஸால் மூன்றாவதும் போயிற்று. இன்னும் ஒன்று போனால் ஏலம் கவிழும். மிச்சமெல்லாம் அவளுடையது, காணாத ஹார்ட்டின் ராணியைத் தவிர. அவள் கையில் ஏஸும் ஜாக்கியும். மேசையில் பான் பரப்பியதில் ராஜாவும் பத்தும். ராணி ஷெங்கிடம் இருந்தால் ஜாக்கியை வைத்து, மேசையிலிருந்து சின்னதைப் போட்டு ஓடவிட வேண்டும். அந்த அம்மாளிடம் இருந்தால் ராஜாவால் பிடித்துவிட்டு, மேசையிலிருந்து பத்தை ஓடவிட வேண்டும்.

ஜாக்கியை வைத்தாள்.

ஷெங் ஒரு சீட்டைத் தொட்டான். விட்டான். இன்னொன்றைத் தொட்டான். உதட்டை நனைத்துக்கொண்டு சின்னச் சீட்டாகப் போட்டான்.

கை தடுமாறுகிறவன் சரக்கை ஒளிக்கிறான் என்பது சந்தையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பானின் விரல் தானாகவே மேசையிலிருந்த சின்ன ஹார்ட்டினை நோக்கி நகர்ந்தது. லிஃபெனின் நாக்கு நுனிக்கும் 'சின்னது' என்ற சொல் வந்துவிட்டது.

சொல்லவில்லை. தடவிப் பார்ப்பதற்குக் காசு இல்லை, யாரும் செய்யலாம். ஏலத்தில் அவன் விலை சொல்லாததுதான் கணக்கு. ஏஸுக்கு நாலு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு. இவன் காட்டியது இரண்டு ஏஸ், ஒரு ராஜா, ஆகப் பதினொன்று. ராணியும் இருந்தால் பதின்மூன்று; ஏலத்தைத் திறக்கப் பன்னிரண்டே போதும். பதின்மூன்று வைத்துக்கொண்டு முதல் ஆளாக 'பாஸ்' சொல்லும் மனுஷன் உலகத்தில் இல்லை.

"ராஜா," என்றாள்.

பானின் விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு ராஜாவைப் போட்டது.

"பத்து."

அந்த அம்மாள் சின்னதைப் போட்டாள். லிஃபெனும் சின்னதே போட்டாள். ஷெங்கிடம் ராணி இல்லை. பத்து பிடித்தது.

பக்கத்து அறையில் நிங்போக்காரர்கள் இதே சீட்டுகளில் இரண்டு ஸ்பேடோடு நின்றுவிட்டிருந்தார்கள்; நாலு கேட்டு எடுத்தவளுக்கே அதிகப் புள்ளி. கோப்பை வென்ஜோவுக்கு.

"நடுவரைக் கூப்பிடு!" பானின் வாய் அணை உடைந்தது. "ராணி இல்லாத பய எதுக்குடா யோசிச்சான்?"

"ஏமாந்தவதான் புகார் குடுக்கணும். நான் எங்க ஏமாந்தேன்? உங்க விரல்தான் ஏமாந்துச்சு. அதுக்கு அவங்கதான் நடுவரைக் கூப்பிடணும்."

பான் இருமினார். "சரி சரி. அடுத்த வருஷமும் நம்மளே ஆடுவோம். என்ன சொல்ற?"

லிஃபென் விதைப் பொட்டலத்தில் ஒரு விதையைத் தொட்டாள். விட்டாள். இன்னொன்றைத் தொட்டாள். உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, சொல்லித் தொலையேன்!"

"ஆடலாம். நீங்க கையைக் கோட்டுப் பைக்குள்ள வச்சுக்கிட்டா."