போனில் வளர்ந்த அக்கா

யுவராணி சொன்ன முதல் பொய் மிகச் சிறியது. ராஜபாளையத்துக்குக் குடிவந்த எட்டாம் நாள், "அங்க பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கா?" என்று அம்மா போனில் கேட்டபோது, "எதுத்த வீட்ல பாண்டீஸ்வரின்னு ஒரு அக்கா இருக்காக. நல்லாப் பேசுவாக" என்றாள்.

அதில் பெயர் மட்டும்தான் உண்மை. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் சந்தனம் சாயங்காலம் வந்ததும் கேட்டைத் திறக்கச் சொல்லி அந்தப் பெயரைக் கூப்பிடுவார். சிடுசிடுத்த முகத்தோடு அவர் மனைவி வந்து திறப்பாள். மாடியில் நிற்கும் யுவராணியை அவள் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

யுவராணியின் கணவன் விஜயபாண்டிக்கு நூல் மில்லில் எலக்ட்ரீஷியன் வேலை. இருவருக்கும் சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். "மொகந்தெரியாத ஊர்ல எம்புள்ள யாரப் பாத்துச் சிரிப்பா" என்று கல்யாணப் பேச்சின்போதே கண்கலங்கியவள் அம்மா வெள்ளைத்தாய். அவளைத் தேற்றத்தான் யுவராணி அப்படிச் சொன்னது. ஆனால் சொன்னதோடு விடவில்லை. வாரா வாரம் அம்மா விசாரித்தாள். வாரா வாரம் போனில் பாண்டீஸ்வரி அக்கா வளர்ந்தாள். பருப்புருண்டைக் குழம்பு கொடுத்தாள், புளியோதரை கொடுத்தாள், கோயிலுக்குக் கூட்டிப்போனாள், சித்திரையில் யுவராணி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தபோது கஷாயம் வைத்துக் கொடுத்துப் பக்கத்திலேயே இருந்தாள். உண்மையில் அந்த மூன்று நாளும் விஜயபாண்டி ஷிப்ட் முடிந்து வரும்வரை யுவராணி சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகத்தான் படுத்திருந்தாள்.

விஜயபாண்டிக்கு எல்லாம் தெரியும். ஆரம்பத்தில் சிரித்தான், பிறகு சிரிப்பதை விட்டுவிட்டான். மில் கேன்டீனில் அவனும் தனியாகத்தான் சாப்பிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், மடவார் வளாகம் கோயிலில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டுப் பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அன்று பூராவும் அவர்கள் வாய்திறந்து பேசிய மூன்றாவது ஆள் அந்தப் பால்கோவாக் கடைக்காரர்தான்.

ஆடி மாதம் அம்மா போனில் கூப்பிட்டாள். "நாளைக்கு ஆண்டாள் தேருக்கு வாரேன். தேரப் பாத்துட்டு மத்தியானம் உன் வீட்டுக்கு வந்துருவேன். அந்தப் பாண்டீஸ்வரிக்கு நம்ம காட்டு முண்டு மொளகா வத்தல் கட்டி வச்சிருக்கேன்."

போனை வைத்ததும் யுவராணி விஜயபாண்டியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"ஊருக்குப் போயிட்டாகன்னு சொல்லிரு" என்றான் விஜயபாண்டி.

"வாசல்ல ஆட்டோ நிக்குமே. அம்மா நேராப் போய்க் கதவத் தட்டிரும்."

"அப்ப உண்மையச் சொல்லிரு."

"சொன்னா என்னையக் கையோட கூட்டிட்டுப் போயிரும் மச்சான்."

அவன் கொடியிலிருந்து சட்டையை எடுத்தான். "கூப்பிட்டா போயிருவியா?"

போகமாட்டோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு நைட் ஷிப்டுக்குக் கிளம்பினான், வாசல்வரை போய் நின்று, "எனக்கும் இங்க யாருமில்ல யுவா. நீ மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அவன் பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் யுவராணி இறங்கி எதிர்வீட்டுக்குப் போனாள். பேண்டேஜ் துணிக் கம்பெனி வேனிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்த பாண்டீஸ்வரி கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் எதுத்த மாடி வீடு..."

"தெரியும். என்ன?"

நின்றபடியே யுவராணி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"காய்ச்சல்ல கெடந்தியா? ஒத்தையிலயா?"

"ம்."

"ஒரு கொரல் குடுத்திருக்கலாம்ல."

"பயமா இருந்துச்சுக்கா."

"நான் கடிக்கவா செய்வேன்? எம்மூஞ்சி அப்பிடி. பகல் பூரா நின்னு துணி மடிச்சுட்டு வந்தா சிரிப்பு எங்கருந்து வரும்?" முந்தானையில் கையைத் துடைத்தாள். "நான் என்னல்லாம் குடுத்தேன்னு சொன்ன?"

"பருப்புருண்டைக் கொழம்பு..."

"அது எனக்கு வைக்கத் தெரியாது. வேற?"

"புளியோதரை."

"அது தெரியும். நாளைக்கு எனக்கு லீவுதான், கொண்டாரேன். ஆனா பொய் சொல்லச் சொல்லாத. எனக்கு வாய் கொழறிரும்."

மறுநாள் மத்தியானம் அம்மா வந்து உட்கார்ந்து சற்று நேரத்துக்கெல்லாம் பாண்டீஸ்வரி தூக்குச்சட்டியோடு படியேறி வந்தாள். வெள்ளைத்தாய் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீதான் பாண்டீஸ்வரியா தாயி. காய்ச்சல்ல எம்புள்ளையப் பெத்தவ மாதிரி பாத்துக்கிட்டியே."

யுவராணி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்லம்மா" என்றாள் பாண்டீஸ்வரி. "நான் பாக்கல. அன்னைக்கு எனக்குத் தெரியாமப் போச்சு. இனிமே பாத்துக்கிடுதேன்."

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குமேல் யுவராணியால் முடியவில்லை. குழம்பு, கஷாயம், கோயிலுக்குச் சேர்ந்து போனது என்று ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்று சொல்லி அழுதாள். நடுவில் விஜயபாண்டி உள்ளறையிலிருந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். "எம் மேலயும் தப்பு இருக்கு அத்த. தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்" என்றான்.

"அம்புட்டும் பொய்யா?" வெள்ளைத்தாய் தரையைப் பார்த்தாள். பிறகு தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தாள். "இந்தப் புளியோதரை?"

"அது நாந்தான் கெளறினேன்" என்றாள் பாண்டீஸ்வரி.

"அப்ப எல கொண்டாங்க. நீயும் உக்காரு தாயி."

சாப்பிட்டபின் சமையலறையில் அம்மா மகளிடம் மெதுவாகக் கேட்டாள். "எங்கூட வந்து ஒரு மாசம் இருந்துட்டு வாரியா?"

யுவராணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இல்லம்மா. நான் இங்கயே இருக்கேன். அவர ஒத்தையா விட்டுட்டு வரமுடியாது."

அம்மா வற்புறுத்தவில்லை. வற்றல் பையை எடுத்துப்போய்ப் பாண்டீஸ்வரியின் மடியில் வைத்தாள். சந்தனத்தின் ஆட்டோவில்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் கீழேயிருந்து பாண்டீஸ்வரியின் குரல் வந்தது. "ஏட்டி யுவராணி, இறங்கி வா. தேவதானத்துல சடங்கு வீடு, வர ரெண்டு நாளாகும். சாவிய வச்சுக்க. தண்ணி வந்தா பிடிச்சு வச்சிரு." முகம் அன்றைக்கும் சிடுசிடுவென்றுதான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் தண்ணீர் வந்தது. தங்கள் குடங்கள் நிறைந்ததும் இருவரும் எதிர்வீட்டைத் திறந்தார்கள். விஜயபாண்டி குழாயடியில் இருந்த முதல் குடத்தை நிரப்பித் தூக்கிவந்து வாசலிலேயே நின்றான்.

"அடுப்படி வரைக்கும் போலாமா?"

"சாவியே குடுத்துட்டுப் போயிருக்காக. சும்மா வாங்க மச்சான்" என்று சொல்லி, யுவராணி முன்னால் போய் விளக்கைப் போட்டாள்.