ஜூர் நகரத்துப் பன்னீர்

மெல்பேணின் டண்டினொங் புறநகர்க் கலியாண மண்டபத்து வாசலில் ரஞ்சினி பன்னீர்ச் செம்பும் கையுமாக நின்றாள். உள்ளே மகள் பிரவீணாவுக்குக் கலியாணம். பெற்றவள் நின்று வரவேற்காமல் வேறு யார் வரவேற்பது? ஆனால் புருஷனை இழந்தவள் பன்னீர் தெளிக்கக்கூடாதாம். இந்தச் சட்டத்தையும் பத்திரமாக விமானத்தில் ஏற்றி மெல்பேண் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்!

புருஷனின் தமையன் மகேந்திரராஜா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ரஞ்சினி, உமக்கென்ன விசரே? செம்பை வைச்சுப்போட்டு உள்ளுக்குப் போய் இரும். நல்ல காரியம் நடக்கிற இடம்."

கடைசி வரிசைக் கதிரையில் இருந்த அவருடைய அக்கா யோகா திரும்பிப் பார்த்தாள். அவளும் புருஷனை இழந்தவள். அன்றிலிருந்து எந்தக் கலியாணத்திலும் அவளுக்குக் கடைசி வரிசைதான்.

ரஞ்சினி அசையவில்லை. பழைய பாரசீகத்தின் ஜூர் நகரத்துப் பன்னீர்த் தொழிலை வருடக்கணக்காக ஆராய்ந்து பட்டம் வாங்கியவள் அவள். சொந்தக்காரர் "பன்னீர் டொக்டர்" என்று நக்கலடித்தபோதெல்லாம் சிரித்துவிட்டுப் போனாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"அத்தான், ஆயிரம் வருசத்துக்கு முந்தி இந்தியா, சீனா எண்டு கப்பலேறிப் போனது ஜூர்ப் பன்னீர். ஏன் ஜூர்? சுத்திவர மலை, மலையால இறங்கிற தண்ணி, ரோசாவுக்கு ஏத்த மண். துறைமுகமும் எட்டாத தூரமில்லை. மணத்தைக் குடுத்தது அந்த மண்ணும் தண்ணியும். பூப் பிடுங்கினவளுக்குப் புருஷன் இருக்கோ எண்டு எந்த ரோசாவும் கேக்கேல்லை!"

"உந்த வகுப்பெல்லாம் இப்ப வேண்டாம். பிள்ளையின்ர வாழ்க்கையை யோசியும்."

ரஞ்சினி செம்பை இறுக்கிப் பிடித்தாள்.

"அந்தப் பிள்ளையைத் தனிய நிண்டு வளர்த்த கை இது. அவளுக்குச் சோறு குழைச்சு வாயில தீத்தேக்க கூடாத கையா இருக்கேல்லை. இப்ப மட்டும் கூடாதோ? நான் போகமாட்டன்."

மகேந்திரராஜா செம்பைப் பறிக்கக் கை நீட்டினார். "வாங்கோ அத்தான்," என்று அவர் தலையிலேயே தெளித்தாள் ரஞ்சினி. அவர் திகைத்துப்போய் முகத்தைத் துடைத்தார். பன்னீர் எப்போதும்போல மணந்தது.

வாசலில் சனம் சேர்ந்துவிட்டது. கடைசி வரிசையில் கதிரை ஒன்று கிறீச்சிட்டது. யோகா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, நேரே வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, வழியை விடு," என்று மகேந்திரராஜாவை ஒதுக்கினாள். "ரஞ்சினி, மற்றச் செம்பு எங்கை? வாசலுக்கு ரெண்டு பக்கம் இருக்கல்லோ."