வாசல் வைக்க மறந்த கார்

கொத்தனாரின் மனைவி பொம்மைக் கடை வைக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கொத்தனார் மட்டும் யோசனை சொல்லவில்லை. செய்தே காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டார். மெக்கானிக் மச்சினனின் பட்டறையில் விலைபோகாமல் கிடந்த பழைய காரைத் தள்ளிக்கொண்டு வந்து கடை முன்னால் நிறுத்தி, உடம்பு முழுக்க விளையாட்டுக் கட்டைகளை ஒட்டுவது என்று முடிவானது.

"போறவங்க வர்றவங்க நின்னு பார்க்கணும். பார்த்தா உள்ள வருவாங்க," என்றார்.

"நின்னு சிரிச்சுட்டுப் போகாம இருந்தா சரி," என்றாள் மனைவி.

அவளுக்கு உள்ளூரப் பயம்தான். தையல் வேலையை விட்டுவிட்டு, யார் பேச்சையும் கேட்காமல் எடுத்த கடை. முதல் நாளே சொதப்பினால் அப்புறம் ஊர் வாயில் விழுந்து எழ முடியாது. இது கொத்தனாருக்கும் தெரியும். அதனால்தான் வேலையில் வேறு யாரையும் கைவைக்க விடவில்லை.

நூல் பிடித்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். சுவர் எழுப்பிப் பழகிய கைக்கு ஒரு குணம் உண்டு: கீழ்வரிசையில் இரண்டு செங்கல் சேருமிடத்தை மேல்வரிசைச் செங்கல் மூடி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சுவர் பிளக்கும். காரிலும் இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் அவர் கை தானாகவே ஒரு கட்டையைக் குறுக்கே வைத்து ஒட்டியது. சாயங்காலம் தள்ளி நின்று பார்த்தார். கண்ணாடிகள் தவிர சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக, ஒரு பிசிறு இல்லை.

கடைக்குள் பெயின்ட் காயாததால், பொம்மைப் பெட்டிகளை மனைவி முந்தின நாளே காருக்குள் அடுக்கியிருந்தாள். காலையில் எடுத்து அலமாரியில் வைத்தால் கடை திறந்துவிடலாம்.

காலையில் அவள் பின்கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். கார்தான் ஆடியது.

"ஏங்க, இதுக்கு வாசல் எந்தப் பக்கம் வச்சீங்க?"

கொத்தனார் வந்து பார்த்தார். கைப்பிடியைச் சுற்றி அழகாக இடம் விட்டிருந்தார்; கதவுக்குத்தான் விடவில்லை. நாலு கதவும் டிக்கியும் ஒரே சுவராக நின்றன.

மச்சினன் சாவகாசமாக ஒரு சுற்று சுற்றி வந்தான். "திருட்டுப் பயமே இல்ல மாமா. என் பட்டறைக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்க."

"நீ சும்மா இரு மாப்ள."

"கண்ணாடிய உடைச்சிரலாமாக்கா?"

"பிள்ளைங்க நடக்கிற இடத்துல கண்ணாடித் தூளா? நல்லா இருக்குடா உன் யோசனை."

அதற்குள் ஓர் அம்மாவும் மகளும் வந்து நின்றார்கள். "கடை எப்பங்க திறப்பீங்க?"

"இதோ, அஞ்சு நிமிஷம்," என்றாள் மனைவி. அந்தக் குரலில் கேலி துளியும் இல்லை. கொத்தனார் சட்டென்று திரும்பிப் பார்த்தார். பட்டி பார்க்கும் மெல்லிய தகட்டைத் தேடி எடுத்தார்.

கீல் பக்கத்துக் கட்டைகளை மொத்தமாகப் பெயர்த்தார். திறக்கும் பக்கம் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. கதவையும் காரையும் சேர்த்துப் பிடித்திருந்த கட்டைகளைக் காரின் உடம்பிலிருந்து மட்டும் விடுவித்து, கதவோடு இருக்க விட்டார். பசை பட்டுப் பட்டென்று விட்டது. ஒருவழியாகக் கதவு திறந்தது. அதன் ஓரம் ஒரு கட்டை நீண்டும் ஒரு கட்டை உள்ளடங்கியும், சண்டைக்குப் போய்ப் பல் உடைந்து வந்தவன் மாதிரி இருந்தது. கொத்தனாருக்கு அதைப் பார்க்கவே கூசியது.

"அம்மா, கார் வாயைத் திறக்குது," என்றது பெண்.

அந்த அம்மா குனிந்து பார்த்தாள். "பல்லு பல்லா நல்லா இருக்கே. யார் யோசனை இது?"

கொத்தனார் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார்.

"எங்க வீட்டுக்காரர்தாங்க," என்று மனைவி முந்திக்கொண்டாள். "நேரா வச்சுட்டுப் போங்கன்னு நாங்களும் சொல்லிப் பார்த்தோம். கேட்டாத்தானே?"

மச்சினனுக்கு இருமல் வந்துவிட்டது. அவள் ஒரு பெட்டியைத் தூக்கி அவன் கையில் திணித்து உள்ளே அனுப்பினாள். பிறகு கொத்தனாரைக் கடந்து போகும்போது, சிரித்த முகம் மாறாமல், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"இன்னும் மூணு கதவு இருக்கு. அதையும் இதே மாதிரி கெடுத்து வைங்க."