அந்த வரைபடத்தில் வீடுகள் இல்லை

ஒலிபெருக்கியில் "பெர்லிட்டா மக்பனுவா" என்று அழைத்தபோது அவள் கையில் பழச்சாற்றுக் குவளைகள் நிறைந்த தட்டு இருந்தது.

பேசத்தான் வந்திருந்தாள். கடற்கரையில் படகுகளைக் கரையேற்றும் இடத்தை வேலி போட்டு உல்லாச விடுதிக்குக் கொடுக்கப்போகிறார்கள். அதைப் பற்றிய மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இது. அவளுடைய மீனவக் குப்பத்து ஆட்கள் இவள் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் கூடைப்பந்து அரங்கின் வாசலிலேயே கவுன்சிலரின் மனைவி ரெமெடியோஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருடமாக இவள் சமைப்பது அந்த வீட்டில்தான்.

"வந்துட்டியா பெர்லி! நல்லவேளை. முன் வரிசைக்கு ஜூஸ் குடுத்துடு."

மனசு யோசிப்பதற்குள் கைகள் தட்டை வாங்கிவிட்டன.

போன வருடம் இதே அரங்கில் குப்பத்து டாசியோ எழுந்து எதிர்த்துப் பேசினான். ஒரே வாரத்தில் அவன்மேல் திருட்டு வழக்கு வந்தது. புகார் கொடுத்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னும் உள்ளேதான் இருக்கிறான். அவன் மனைவியைத் தெருவில் பார்த்தால் எல்லோரும் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துகொள்கிறார்கள். பெர்லிட்டாவும் இரண்டு முறை குனிந்திருக்கிறாள்.

மறுபடி அழைத்தார்கள்.

ரெமெடியோஸ் சிரித்தாள். "உன்னையா கூப்பிடறாங்க? வேற பெர்லிட்டாவா இருக்கும்."

தப்பிக்க வழி அவ்வளவு சுலபமாகத் திறந்திருந்தது. பின்வரிசையில் மீனவன் நார்டிங் எழுந்து நின்று இவளையே பார்த்தான்.

"நான்தான் மேடம்," என்றாள். தட்டை வைக்கச் சுற்றிலும் இடமில்லை. "கொஞ்சம் புடிங்க."

ரெமெடியோஸின் கைகள் தாமாகவே நீண்டு வாங்கிக்கொண்டன. அரங்கில் யாரோ களுக்கென்று சிரித்து உடனே அடக்கினார்கள்.

தயாரித்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "இருபத்தாறு படகு இருக்குங்க. அதெல்லாம் எங்கே போகும்? எங்களை யாரும் கேக்கல." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "வரைபடத்தை நான் பாத்தேன். ஐயா வீட்டுச் சாப்பாட்டு மேசையில, சோறு பரிமாறும்போது. அதுல எங்க வீடுங்களே இல்ல. வெறும் மணல்தான் போட்டிருந்துச்சு."

கவுன்சிலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

முதலில் கைதட்டியது ரெமெடியோஸ். தட்டை யாரிடமோ தள்ளிவிட்டு வந்து, பத்திரிகைக்காரர்களின் கேமராக்கள் முன்னால் அவளைக் கட்டிக்கொண்டாள். "பெர்லி எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி!" பிறகு காதோரம், அதே சிரிப்போடு: "நாளைக்கு வழக்கம்போல வந்துடு. ஐயா பேசணும்னார்."

மதியம் வீடு திரும்பும் ஜீப்னி சிற்றுந்தில் குப்பத்து ஜனம் நெருக்கியடித்து ஏறியது. பெர்லிட்டா ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள். யாரும் அவளைப் பழிக்கவில்லை. யாரும் அவளோடு பேசவுமில்லை. வண்டி கிளம்பியது. நார்டிங்கின் மனைவி மீன்கூடையை இடுப்பில் இடுக்கியபடி பின்படியில் தொங்கிக்கொண்டு வந்தாள். பெர்லிட்டாவின் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது.