அளவு குறைந்த சட்டை

கலவரம் அடங்கிய மறுவருஷம் செத்தவர்கள் திரும்பி வந்தார்கள். அவரவர் வீட்டுக்கு அல்ல. தங்கள் சாவுக்குக் காரணமானவர்களின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பால் விலை ஏறியதைப் பேசுவதுபோல ஊர் இதையும் பேசியது. சமாதானக் குழுவினர் மோதிக்கொண்ட இரண்டு தெருக்காரர்களையும் மண்டபத்துக்கு அழைத்து, டீ பிஸ்கட் கொடுத்து, கைகுலுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். செத்தவர்கள் அசைந்துகொடுக்கவில்லை.

தையல்காரியின் புருஷன் போய் உட்கார்ந்தது எதிர்வீட்டுப் பூட்டு ரிப்பேர்காரனிடம். அவன் யாரையும் அடித்ததாகப் பேச்சில்லை, அதனால் ஊருக்குக் குழப்பம். தையல்காரிக்கோ வயிற்றெரிச்சல். மெஷினை மிதித்தபடியே ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். அங்கே அவர் சாவிக்கு அரம் போட்டார், பூட்டுக்காரன் பெண்டாட்டி கொடுத்த காபியை ஊதி ஊதிக் குடித்தார், சிரித்தார். இவளோடு குடித்தனம் நடத்திய காலமெல்லாம் ஒரு டம்ளரைக் கழுவி வைக்காத மனுஷன், அங்கே கழுவிக் கவிழ்த்து வைத்தார். கொன்ற கூட்டத்தின்மேல் வந்ததைவிட அந்த டம்ளர்மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவர் வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

ஒருநாள் பூட்டுக்காரன் துணியோடு வந்தான். "அக்கா, அன்னைக்குப் போட்டிருந்த அதே கிழிஞ்ச சட்டையோட இருக்காரு. ஒண்ணு தைச்சுக் குடுங்க. அளவு உங்களுக்குத்தானே தெரியும்."

"ஏன், ஒரு வருஷமா உன் வீட்லதானே இருக்காரு? உனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டுத் துணியை வாங்கிக்கொண்டாள். அறிந்தே தோளைக் குறைத்துத் தைத்தாள். பிரித்துத் தைக்க வேண்டுமானால் போடுகிற ஆளே நேரில் வரவேண்டும் என்பது அவள் கடைச் சட்டம்.

நினைத்தபடியே பூட்டுக்காரன் அவரைக் கைப்பிடித்து அழைத்துவந்தான். ஆனால் கதவு விரியத் திறந்திருந்தும் அவர் கால் வாசற்படியைத் தாண்டவில்லை. அவள் அவர் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள், தையல்தான் விட்டது. சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்த பூட்டுக்காரன் வாயைத் திறந்தான்.

"அன்னைக்குக் கடைக்குள்ள ஷட்டரைப் பூட்டிக்கிட்டு இருந்தாருக்கா. நான்தான் அந்தக் கும்பலுக்குத் திறந்துவிட்டேன். பயந்து திறந்தேன்னு சொன்னா பொய். உங்க கடையில எப்பவும் கூட்டம். பாத்துப் பாத்து வயிறெரிஞ்சேன்."

அவள் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிந்திருந்தது, அதுவே அவளை இன்னும் கொதிக்கவைத்தது. அவர் படியேறி உள்ளே வந்து, தன் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் அந்தக் கத்தரிக்கோலால் தோள் தையலைப் பிரித்தாள். உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகச் செத்தவர்களைக் கைப்பிடித்து அவரவர் வாசலுக்குக் கூட்டிப்போய், சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். சொல்லாதவர்கள் வீட்டில் செத்தவர்கள் இன்றும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தையல்காரி பூட்டுக்காரனை மன்னித்ததாக யாரும் கேள்விப்படவில்லை. ஆனாலும் அவன் சாயங்காலங்களில் வருகிறான். புருஷனும் பெண்டாட்டியும் ஓயாமல் பேசுவதைப் பார்த்து, "எங்க வீட்ல இருந்தப்போ இவ்வளவு பேசினதே இல்ல இவரு" என்று ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"எரியுதா? எரியட்டும்" என்றாள் அவள். "காபி ஆறுது. குடிச்சிட்டு டம்ளரைக் கழுவி வெச்சிட்டுப் போ."