இரண்டு கை அளவு

எடுக்கக் கூடாத அழைப்பைச் சௌமியா எடுத்துவிட்டாள்.

மதியம் இரண்டு பத்து. கிருஷ்ணகிரியிலிருந்து பேசிக்கொண்டிருந்த பெண்கள் பாதுகாப்பு அதிகாரியின் அழைப்பு பாதியில் அறுந்திருந்தது. அவர்தான் மறுபடி கூப்பிடுகிறார் என்று முதல் மணியிலேயே கட்டைவிரல் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டது. திரையில் பார்வதியின் பெயரைப் பார்த்தபோது விநாடிகள் ஓடத் தொடங்கியிருந்தன. பதறிப்போய் வாய் தன் பழக்கத்தில் பேசிவிட்டது.

"பார்வதி, நல்லா இருக்கியாம்மா?"

பதில் இல்லை. பார்வதியின் மௌனங்களை ஐந்து மாதமாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவள் சௌமியா. அழுகைக்கு முந்தையது, பொய்க்கு முந்தையது, வெறும் களைப்பு எல்லாம் அவளுக்குத் தெரியும். இது அவற்றில் ஒன்றும் இல்லை. ஓர் ஆணின் கனமான மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் டிவியில் ஒரு கன்னடப் பாட்டு. அப்புறம் இணைப்பு போய்விட்டது.

தினமும் இரண்டு மணி ஷிஃப்டுக்குக் கணவன் மாதேஸ்வரன் கம்பெனிக்குள் போன பிறகு, இரண்டு பத்துக்குப் பார்வதி ஒரு மிஸ்டு கால் தர வேண்டும். ஃபோன் இரண்டு தடவை அடித்து நின்றால் இன்று பரவாயில்லை என்று அர்த்தம். யாரும் எடுக்கக் கூடாது. மனைவியின் ஃபோனை ராத்திரி வந்து நோண்டுகிறவன் அவன் என்பதால் சௌமியாவின் எண் அதில் 'டைலர் அக்கா' என்று இருந்தது. இந்த ஏற்பாட்டைச் செய்தவளே சௌமியாதான். செய்த நாளில் அதைப் பற்றி உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டிருந்தாள். ஆனால் கார்த்திகை பிறந்ததிலிருந்து சிப்காட் தொழிற்பேட்டையில் ஆர்டர் குறைந்து, கம்பெனிகள் ஆட்களை வாரத்தில் மூன்று நாள் வீட்டில் உட்கார வைக்கின்றன. அது அவளுக்குத் தெரியும். ஆலோசனைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லி அழுதார்கள். தெரிந்திருந்தும் இரண்டு பத்தை மாற்ற அவளுக்குத் தோன்றவில்லை.

இன்று செவ்வாய். வியாழக்கிழமை பார்வதி அந்த வீட்டைவிட்டு வருவதாக இருந்தது. சேலத்தில் ஒரு விடுதியில் இடம் சொல்லியாகிவிட்டது.

"யாரு மேடம்? மூஞ்சி ஏன் இப்பிடிப் போச்சி?" தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து சரசம்மா கேட்டாள். சௌமியா வேலை பார்க்கும் ஆலோசனை மையத்துக்கு வரும் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுப்பவள்.

சௌமியா சொன்னாள்.

"ஐயோ ராமா. எடுத்ததுமில்லாம பேசினீங்களா?"

கிருஷ்ணகிரி அதிகாரியின் ஃபோன் இப்போது அணைந்திருந்தது. ஸ்டேஷனுக்குச் சொல்லலாம். போன முறை சொன்னதற்கு அவனைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து, குடும்பம்னா அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பினார்கள். அன்று ராத்திரியே பார்வதியின் இரண்டு பல் போயிற்று. பயிற்சியில் படித்த விதியோ, பாதிக்கப்பட்டவரின் வீட்டுக்குத் தனியாகப் போகாதே என்றது. அந்த விதியை எழுதியவர்கள் ஃபோனை எடுத்துவிட்டவளுக்கு என்ன வழி என்று எழுதவில்லை.

"டைலருன்னுதான இருக்குது? டைலராவே போங்க. பேசுன கொரலு ஒங்களுது. நான் போனா மாட்டிக்குவோம்." சரசம்மா தன் கழுத்திலிருந்த அளவு டேப்பைக் கழற்றி சௌமியாவின் தோளில் போட்டாள். "ஒயரம், மாரு, இடுப்பு, தோளு, கை. அவ்ளோதான். கை நடுங்காம புடிங்க."

பார்வதி குடியிருந்த சந்தினுள் எட்டு வீடுகள் ஒரே வரிசையில் இருந்தன. ஆறாவது வீட்டு வாசலில் மாதேஸ்வரன் உட்கார்ந்திருந்தான். சௌமியா கற்பனை செய்து வைத்திருந்ததைவிட ஒல்லி. சவரம் செய்து, திருநீறு வைத்து, இஸ்திரி போட்ட சட்டை. வேலையில்லாத நாளிலும் வேலைக்குப் போகிறவன் மாதிரி இருந்தான்.

"டைலர்ங்க. பார்வதிக்கு ஜாக்கெட்டு. அளவு எடுக்காம உட்டுட்டன்," என்றாள். பேரிகை கிராமத்தில் கழிந்த பிள்ளைப் பிராயத்தின் பேச்சு எங்கிருந்தோ உதவிக்கு வந்தது.

"ஃபோன்ல பேசுனது நீங்கதான?"

"ஆமாங்க."

"துணி தைக்கிறவங்க ஃபோனை எடுத்ததும் நல்லா இருக்கியாம்மான்னா கேப்பாங்க?" அவன் சிரித்தான். "அந்தக் கொரல்ல எங்கம்மாகூட அவகிட்டப் பேசுனதில்லைங்க. அதான் யார்ரா இதுன்னு பாத்தன்."

உள்ளேயிருந்து பார்வதி வந்தாள். சௌமியாவைப் பார்த்த கண்ணில் ஒன்றுமே இல்லை.

"போன வாரம் காய்ச்சல்னு சொல்லியிருந்தன்," என்றாள் பார்வதி. "அதக் கேட்டிருப்பாங்க. வாங்கக்கா."

"அளவு ஜாக்கெட்டு குடுத்து அனுப்பக் கூடாதா?"

"எல்லாம் இறுக்குது."

"நல்லாத் தின்னா இறுக்கத்தான் செய்யும்." அவன் எழுந்து வந்து, காலண்டருக்குக் கீழே தொங்கிய சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்தான். "நீங்க சொல்லுங்க, நான் எழுதறன். கம்பெனில எனக்கு அதான் வேலை. அளந்து எழுதறது."

சௌமியா டேப்பை விரித்தாள். எந்த முனையில் ஒன்று தொடங்குகிறது என்று ஒரு கணம் தெரியவில்லை. பார்வதி நுனியை வாங்கித் தன் தோளில் தானே பிடித்துக்கொண்டாள். எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பதினாலு. முப்பத்திரண்டு. இருபத்தெட்டு. தோள் பதினாலரை. ஒவ்வொன்றுக்கும் பேனா கீறும் சத்தம் கேட்டது. இவ்வளவு நாளில் பார்வதியை அவள் தொட்டதே இல்லை. எதிரில் உட்கார்ந்து கேட்பதுதான் வேலை, தொடுவதில்லை. இப்போது அந்த உடம்பின் சூடு விரல்களில் ஏறியது.

வலது கையைச் சுற்றினாள். "பத்து."

பேனா கீறியது.

பிறகு இடது கையையும் சுற்றினாள். புடவைத் தலைப்பு மூடியிருந்த இடத்தில் சதை வீங்கிக் கல்லாக இருந்தது. பார்வதி மூச்சைப் பிடித்தாள், விடவில்லை. சொல்ல வேண்டாம் என்று அந்தக் கண்கள் சொன்னதாகச் சௌமியாவுக்குப் பட்டபோது எண் வாயிலிருந்து வந்துவிட்டிருந்தது.

"பதினொன்றரை."

பேனா நின்றது. டிவியில் யாரோ ஒருத்தி சோப்பைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தாள். சௌமியா சுவரில் இருந்த பல்லியையே பார்த்தாள். பிறகு பேனா கீறியது. தாளைக் கிழித்து நான்காக மடித்து அவளிடம் நீட்டினான்.

"கடை எங்கங்க?"

"வீட்லயேதாங்க. ராம் நகர் பக்கம்."

"எப்ப தருவீங்க?"

சௌமியா பார்வதியைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தெரியும். "வியாழக்கிழமை."

"நானே வந்து வாங்கிக்கறன்," என்றான் அவன். "லீவுதான எனக்கு."

மறுநாள் காலையில் சரசம்மா துணி எடுத்து வைத்துவிட்டாள். அவன் வந்து நிற்பான் என்றால் ஒரு ஜாக்கெட் இருந்தாக வேண்டும். மாம்பழ நிறம். இரவெல்லாம் தூங்காத சௌமியா, கிருஷ்ணகிரி அதிகாரியை ஃபோனில் பிடித்து நடந்ததைச் சொன்னாள். பேரைக் கெடுத்துவிட்டீர்களே என்றார் அதிகாரி. யாருடைய பேர் என்று அவள் கேட்கவில்லை. வியாழன் காலை ஒன்பதரைக்கு வண்டியோடு தானே வருவதாகச் சொன்னார். அந்தச் செய்தியைப் பார்வதிக்குச் சொல்ல வழி இருக்கவில்லை.

ஃபோன் மேசை நடுவில் கிடந்தது. இரண்டு மணியானதும் சௌமியா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தாள்.

"மேடம், என்னா எழுத்து இது, அச்சுல அடிச்ச மாதிரி," என்றாள் சரசம்மா தாளைப் பிரித்து. பிறகு கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "கை ரெண்டையுமா அளப்பாங்க? ஒண்ண அளந்தா போதுமே. நான் சொல்லலியா?"

"சொல்லல."

"வலது பத்து. எடது பதினொன்றரைன்னு..." அவள் நிறுத்தினாள். தாளை மேசையில் மெதுவாக வைத்து, பறந்துவிடும் என்பது போல அதன்மேல் கத்தரிக்கோலை வைத்தாள். "இத அவனா எழுதினான்?"

சௌமியா தலையசைத்தாள்.

சரசம்மா சாக்குக்கட்டியை எடுத்துத் துணியில் கை இரண்டையும் வரைந்தாள். தாளில் இருந்தபடியே வரைந்து வெட்டினாள்.

இரண்டு பத்துக்கு ஃபோன் அடித்தது. ஒன்று. இரண்டு. நின்றது.

நேற்றுவரை ஃபோன் அப்படி இரண்டு தடவை அடித்து நின்ற பிறகு சௌமியா எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள். இன்று எழுந்திருக்கவில்லை. திரையின் வெளிச்சம் மங்கி அணையும்வரை பார்த்தாள். அங்கே அழுத்திய விரல் பார்வதியுடையதா அவனுடையதா என்று சொல்ல அந்த வெளிச்சத்தில் எதுவும் இல்லை. மேசையில் மாம்பழ நிறத்தில் இரண்டு கைகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. வெளியே லாரி ஒன்று போனபோது இரண்டும் லேசாக அசைந்தன. இடது கை பெரியதாக இருந்தது.