நூற்று முப்பது டிகிரி

சாயப்பட்டறையின் கூட்ட அறையில் திரைக்கு எதிரே காத்திருந்தார்கள். சாயத்தொட்டியின் மூடி திறந்து ஆவி அடித்ததில் மன்சு செத்துப் பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. கம்பெனி மன்னிப்புக் கேட்காமல் அடக்கம் கிடையாது என்று அவன் மனைவி ஓக்புன் உடலைப் பிணவறையிலேயே வைத்திருந்தாள். மன்சுவோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் டோசிக் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கையிலிருந்த பார்லி டீ ஆறிப்போயிருந்தது.

ஆய்வுக்கு வந்த பொறியாளர் சோக் கணினியில் போட்ட கணக்கைக் காட்டினாள். மூடிப் பூட்டிய தொட்டியில் அழுத்தம் இருக்கும்வரை நூறு டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காது. மூடி திறந்த கணமே அதில் ஒரு பங்கு ஆவியாகச் சீறும்.

"நூத்தி முப்பதுன்னா நூறு லிட்டர்ல ஆறு லிட்டர்கூட ஆவியாகாது. அந்த அழுத்தத்துக்குப் பூட்டு தெறிக்காது. யாரோ கையாலதான் பூட்டை எடுத்திருக்கணும்."

"என் புருஷன் எடுத்தாருங்கிறீங்களா?" என்றாள் ஓக்புன்.

சோக் தலையைக் குனிந்துகொண்டாள்.

டோசிக் குறுக்கிட்டான். "அந்த நூத்தி முப்பது எங்கேருந்து வந்துச்சு மேடம்?"

"பதிவுத்தாள்ல அவர் கையெழுத்துலயே இருக்கே."

"தொட்டியோட வெப்பமானி முள்ளு ஆறு மாசமா அதுலயே சிக்கிக் கெடக்கு! திங்கக்கிழமை காபி குடிச்சுக்கிட்டே வாரம் பூராவுக்கும் முன்கூட்டியே எழுதிருவோம். அவன் செத்தது புதன். வெள்ளி வரைக்கும் எழுதி வச்சிருந்தான், நான் பாத்தேன்."

சோக்கிடம் இருந்த நகல் புதனோடு வெட்டப்பட்டிருந்தது.

"அசல் நனைஞ்சு கூழாப் போச்சுப்பா. முள்ளும் நொறுங்கிருச்சு," என்றார் மேலாளர் பியோ. "சிக்கியிருந்தா ஏன் சொல்லல?"

"உங்ககிட்டயே நாலு தடவ சொன்னேனே!"

"எழுதிக் குடுத்தியா?"

எழுதிக் கொடுக்கவில்லை.

சோக் மெதுவாகக் கேட்டாள். "நூத்தி அறுபது இருந்திருந்தா பூட்டு தானாவே தெறிச்சிருக்கும். நான் போட ஒரு எண் வேணும் அண்ணே. நெசமா எவ்வளவு இருந்துச்சு?"

டோசிக் வாயைத் திறந்தான். அவனுக்கு அழுகைதான் வந்தது. "எப்படித் தெரியும் மேடம்?"

"தெரியலேன்னா தப்பு செத்தவர் மேலயா?" என்றாள் ஓக்புன்.

'தொழிலாளியின் கவனக்குறைவு' என்ற அறிக்கை வெள்ளியன்றே போய்விட்டது. மன்சு இன்னும் பிணவறையில்தான் கிடந்தான்.

அடுத்த திங்கட்கிழமை டோசிக்கைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றினார்கள். பதிவுத்தாளில் 'இந்தத் தொட்டியின் முள்ளும் சிக்கியிருக்கிறது' என்று எழுதினான். பியோ அதைக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் வைத்தார்.

"வேல வேணுமா வேணாமா? வாரத்துக்கான தாள் பத்து மணிக்குள்ள வந்திரணும்."

அவர் முதுகுக்குப் பின்னால் நிற்க, டோசிக் வெள்ளிக்கிழமை வரை நிரப்பினான். தொட்டியில் அப்போதுதான் பச்சைத்தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. முள் நூற்று முப்பதில் நின்றது.